மண் பிடித்துக்கொள்ளும் என்று நம்பிய இடம்

1990ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநில ஆளுநருக்கு ஒரு பாட்டில் ஜாம் வந்து சேர்ந்தது. அந்நாட்டின் எரிசக்தி அமைச்சருக்கும் ஒன்று போயிற்று. மல்பெரிப் பழ ஜாம். பட்டுப்புழுவுக்கு இலை பறித்துப் போடுகிறோமே, அந்தச் செடியின் இனம்தான். அங்கே ஆற்றங்கரையில் மரமாக வளர்ந்து நிற்கிறது. பழம் பறித்து ஜாம் கிண்டியவர் அணு ஆயுத ஆலைகளை எதிர்த்துவந்த ஓர் ஆர்வலர். பறித்த இடம் கொலம்பியா ஆற்றின் கரை, ஹான்ஃபோர்டு அணு வளாகத்தின் 'என்' உலையை ஒட்டிய பகுதி. பழத்தில் ஸ்ட்ரான்சியம்-90 என்ற கதிரியக்கப் பொருள் இருந்தது.

சரி, அது பழத்துக்குள் எப்படிப் போனது? மரத்தின்மேல் யாரும் எதையும் கொட்டவில்லை. உலையின் கழிவுநீரை நேரே ஆற்றில் விடக்கூடாது என்ற நல்லெண்ணத்தில், கரையிலிருந்து சற்றுத் தள்ளி நீளமாகப் பள்ளம் வெட்டி அதில் விட்டார்கள். நீர் மண்ணுக்குள் இறங்கும், கதிரியக்கப் பொருட்களை மண் பிடித்து வைத்துக்கொள்ளும், வடிந்த நீர் மட்டும் ஆற்றுக்குப் போகும் என்பது கணக்கு. அந்தக் கணக்கு பெரும்பாலும் பலிக்கவும் செய்தது. பலிக்காத பங்கு வேர் வழியாக ஏறி, பழத்தில் வந்து உட்கார்ந்தது.

புதைத்த அணுக்கழிவைப் பற்றிப் பேச்சு வந்தால் நம் விவாதமெல்லாம் ஒரே கேள்வியில் சிக்கிக்கொள்கிறது: கசியுமா, கசியாதா? கசியவே கசியாது என்று ஒரு தரப்பு சத்தியம் செய்யும். கசிந்தால் எல்லாம் போச்சு என்று இன்னொரு தரப்பு பதறும். இருவருமே 'கழிவு' என்று ஒருமையில் பேசுகிறார்கள். நிலத்தடி நீருக்கு அப்படி ஒரு பொருளே தெரியாது. அதற்குத் தெரிந்தவை தனித்தனித் தனிமங்கள். ஒன்று நீரோடு நீராக ஓடும். இன்னொன்று விழுந்த இடத்திலிருந்து ஒரு சாண்கூட நகராது. அந்த நகராத தனிமமே சகவாசம் மாறினால் ஒரு கிலோமீட்டர் போய்விடும். எது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கும் அதன் நஞ்சுக்கும் எடைக்கும் சம்பந்தமே இல்லை. எந்த வடிவில், எந்தத் தண்ணீரில், யாரோடு சேர்ந்து கிடக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். இதைக் கற்றுக்கொள்ள ஹான்ஃபோர்டைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. செய்யக்கூடிய தவறுகளில் ஏறக்குறைய எல்லாவற்றையும் அங்கே செய்து பார்த்துவிட்டார்கள்.

60 டி.எம்.சி.

ஹான்ஃபோர்டு 1943ல், உலகப் போரின் நடுவில் அவசர அவசரமாக எழும்பிய வளாகம். நாகசாகியில் விழுந்த குண்டின் புளூட்டோனியம் இங்கேதான் தயாரானது. இடத்தைத் தேர்ந்தெடுத்ததில் தப்புச் சொல்ல முடியாது. உலைகளைக் குளிர்விக்க வற்றாத ஆறு. வருடத்துக்கு 20 சென்டிமீட்டர்கூடப் பெய்யாத மழை. உள்மேட்டு நிலத்தில் நிலத்தடி நீர் பல இடங்களில் 60 மீட்டருக்கும் கீழே. இடையில் இருப்பதெல்லாம் உலர்ந்த மணலும் சரளையும் வண்டலும். இவ்வளவு தடிமனான வறண்ட மண் ஒரு மாபெரும் வடிகட்டி என்று பொறியாளர்கள் நினைத்ததில் ஆச்சரியமில்லை.

உலையில் வெந்த யுரேனியத்தை அமிலத்தில் கரைத்துப் புளூட்டோனியத்தை மட்டும் பிரித்தெடுத்தபின் மீதமாவதுதான் கழிவு. அதில் கடுமையானதை நிலத்தடித் தொட்டிகளில் அடைத்தார்கள். மொத்தம் 177 தொட்டிகள், உள்ளே சுமார் 21 கோடி லிட்டர். அவற்றில் 149 ஒற்றைச் சுவர் தொட்டிகள். 67 கசிந்ததாகவோ கசிந்திருக்கலாம் என்றோ கணக்கில் உள்ளன. 1973ல் ஒரே ஒரு தொட்டியிலிருந்து நாலு லட்சம் லிட்டருக்கும் மேல் மண்ணில் இறங்கியது. அங்கே நடந்த தொட்டிக் கசிவுகளிலேயே பெரியது இதுதான். பல வாரங்கள் கழித்தே கண்டுபிடித்தார்கள்.

லேசான கழிவு என்று வகைப்படுத்தியதைத் தொட்டியில் வைக்கக்கூட இல்லை. குளம், பள்ளம், மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய உறிஞ்சுகுழி என்று மண்ணிலேயே விட்டார்கள். 1940களில் கிணறு தோண்டி, நீர் எடுப்பதற்குப் பதிலாகக் கழிவை அதற்குள் இறக்கிய கூத்தும் உண்டு. இப்படி மண்ணில் விட்ட நீர் மொத்தம் 45,000 கோடி காலன் என்பது மதிப்பீடு. நம் கணக்குக்கு மாற்றினால் ஏறக்குறைய 60 டி.எம்.சி. மேட்டூர் அணை நிரம்பி நின்றால் 93 டி.எம்.சி.; அதில் மூன்றில் இரண்டு பங்கு. பெரும்பகுதி அழுக்கு குறைந்த குளிர்விப்பு நீர்தான். ஆனால் அது வேறொரு வேலை செய்தது. வறண்ட மண் இனி வறண்ட மண்ணாக இல்லை. கழிவு விட்ட இடங்களுக்கு அடியில் நிலத்தடி நீர் மேடு கட்டி, சில இடங்களில் 20 மீட்டருக்கும் மேல் உயர்ந்தது. மேடு கட்டிய நீர் பக்கவாட்டில் தள்ளியது. ஓடாத இடத்திலும் ஓடத் தொடங்கியது, ஓடிய திசையும் மாறியது. மழை பெய்யாத நாட்டில் மழையை மனிதர்களே கொண்டுவந்து கொட்டிய மாதிரி.

டவுன் பஸ் கணக்கு

நிலத்துக்கு அடியில் ஆறு ஓடுவதாகப் பலர் கற்பனை செய்கிறார்கள். குகைப் பாறை உள்ள சில இடங்களைத் தவிர அப்படி இல்லை. மணல் மணிகளுக்கு இடையே உள்ள இண்டு இடுக்கில் நீர் ஊர்ந்து போகிறது, அவ்வளவுதான். பிரெஞ்சுப் பொறியாளர் ஆன்றி டார்சி 1856ல் மணல் நிரப்பிய குழாய்களில் நீரைவிட்டு அளந்து இதற்கு விதி சொன்னார். இரு முனைகளுக்கும் நீர்மட்ட வேறுபாடு எவ்வளவோ அதற்கேற்ப ஓட்டம். இடுக்குகள் பெரிதாக இருந்தால் ஓட்டம் அதிகம். களிமண்ணில் வருடம் முழுக்க ஊர்ந்தாலும் சில மில்லிமீட்டர். ஹான்ஃபோர்டு சரளை போன்ற இடங்களில் ஒரே நாளில் சில மீட்டர்கூட.

இந்த நீரைப் பேருந்து என்று வைத்துக்கொள்ளுங்கள், கரைந்திருக்கும் தனிமங்கள் பயணிகள். வழியெங்கும் மண் துகள்கள்தான் நிறுத்தங்கள். பயணி ஒரு துகளில் இறங்கி ஒட்டிக்கொள்வார், கொஞ்ச நேரம் கழித்து அடுத்து வரும் நீரில் ஏறுவார், மறுபடி இறங்குவார். ஊர் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும் என்பது பேருந்தின் வேகத்தைவிட, நிறுத்தங்களில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தார் என்பதைப் பொறுத்தது. வேதியியலாளர்கள் இதற்கு ஓர் எண் வைத்திருக்கிறார்கள். ஒரு கிராம் மண்ணில் ஒட்டியிருக்கும் அளவை, ஒரு மில்லிலிட்டர் நீரில் கரைந்திருக்கும் அளவால் வகுத்தால் வருவது. சாதாரண மணற்பாங்கான மண்ணில் இந்த எண் 1 என்றால் தனிமம் நீரைவிட ஏறக்குறைய ஆறு மடங்கு மெதுவாகப் போகும். 1000 என்றால் ஐயாயிரம் மடங்குக்கும் மேல். பூஜ்யம் என்றால் நீர் போகும் வேகமே அதன் வேகம்.

பூஜ்யத்துக்குச் சரியான உதாரணம் டிரிட்டியம். ஹைட்ரஜனின் கதிரியக்க வடிவம் என்பதால் நீர் மூலக்கூறுக்குள்ளேயே இருக்கிறது. பயணி என்றே சொல்ல முடியாது, பேருந்தின் ஒரு பாகம். எந்த மண்ணும் அதைப் பிடிக்காது. வளாகத்தின் நடுவில் மண்ணில் இறங்கிய டிரிட்டியம், பல கிலோமீட்டர் நிலத்தடியில் ஓடி 1980களுக்குள் ஆற்றங்கரையை எட்டிவிட்டது. ஒரே ஆறுதல் அதன் அரை ஆயுள், அதாவது இருப்பதில் பாதி சிதைந்து தீர ஆகும் காலம், 12.3 ஆண்டுகள். வேகமாக ஓடுகிறது, வேகமாகச் சாகிறது.

அந்த ஆறுதல்கூட இல்லாத இருவர் டெக்னீசியம்-99, அயோடின்-129. மண் துகள்களின் மேற்பரப்பில், குறிப்பாகக் களிமண்ணில், எதிர்மின்னேற்றம் இருக்கிறது. நேர்மின்னேற்றம் உள்ள அயனிகள் அதில் ஒட்டும். ஆக்சிஜன் கலந்த நீரில் டெக்னீசியம் நான்கு ஆக்சிஜன் அணுக்களைச் சுற்றிக்கொண்டு எதிர்மின் அயனியாகத் திரிகிறது. அயோடினும் எதிர்மின் வடிவிலேயே கிடக்கிறது. எந்த நிறுத்தத்திலும் இவர்களை இறங்க விடமாட்டார்கள். சில மண்களில் ஓரத்துக்கே வர முடியாமல் இடுக்கின் நடுவிலேயே ஓடுவதால், சராசரி நீரைவிடக் கொஞ்சம் முன்னால்கூடப் போய்விடும். டெக்னீசியத்தின் அரை ஆயுள் 2 லட்சத்து 11 ஆயிரம் ஆண்டுகள். அயோடினுடையது 1 கோடியே 57 லட்சம்.

அரை ஆயுள் நீளமாக இருந்தால் ஒரு கிராமிலிருந்து வரும் கதிர்வீச்சு குறைவு என்பதும் உண்மைதான். அயோடின்-129 கையில் எடுத்தால் ஆளைக் கொல்லும் சாமான் இல்லை. ஆனால் உடம்பு அயோடினைத் தேடித் தைராய்டில் சேர்த்து வைப்பதால், அமெரிக்கக் குடிநீர் விதி அதற்கு லிட்டருக்கு 1 பிகோகியூரி என்று கடும் வரம்பு போட்டிருக்கிறது. ஒரு லிட்டர் நீரில் நிமிடத்துக்கு இரண்டு அணுக்கள் உடைகிற அளவு அது. டிரிட்டியத்துக்கு வரம்பு 20,000.

துண்டு போட்டு இடம் பிடித்த சோடியம்

இனி இறங்கி உட்காரும் பயணிகளுக்கு வருவோம். இங்கேதான் கதை சுவாரசியமாகிறது.

சீசியம்-137 மண்ணில் பிடிபடும் விதம் அழகானது. ஹான்ஃபோர்டு வண்டலில் மைக்கா துகள்கள் உண்டு. உடைத்துப் பார்த்தால் தாள் தாளாகப் பிரியுமே, அந்த மைக்காதான். பழைய புத்தகத்தின் ஓரம் நைந்து விரிவதுபோல, வெயிலும் நீரும் பட்ட மைக்காவின் விளிம்பும் லேசாக விரிந்திருக்கும். சீசியம் அயனி தன்மேல் போர்த்தியிருக்கும் நீர் மூலக்கூறுகளை உதறிவிட்டு அந்த இடுக்குக்குள் நழுவிப் போகும். போனதும் தாள்கள் அதன்மேல் மூடிக்கொள்ளும். இப்படிப்பட்ட இருக்கைகள் குறைவு, ஆனால் சீசியத்துக்கென்றே அளவெடுத்துச் செய்த மாதிரி. அதனால்தான் தொட்டி கசிந்தாலும் சீசியம் சில அடிகளுக்குமேல் போகாது என்று பல ஆண்டுகள் அடித்துச் சொன்னார்கள். ஆய்வுக்கூடத்தில் மண்ணையும் நீரையும் கலந்து அளந்த எண்களும் அதையே சொன்னன.

1990களில் தொட்டிகளைச் சுற்றியுள்ள சோதனைக் குழாய்களில் கருவியை இறக்கி அளந்தபோது, ஒரு தொட்டிக் கூட்டத்துக்கு அடியில் சுமார் 40 மீட்டர் ஆழத்தில் சீசியம் தென்பட்டது. குழாயின் வெளிப்புற ஓரமாக வழிந்து இறங்கியிருக்கும், மண் வழியாக வந்திருக்காது என்று முதலில் வாதம் நடந்தது. புதிதாகத் துளையிட்டுப் பார்த்தபின் அந்த வாதம் முழுதாக நிற்கவில்லை. என்ன நடந்தது என்று தேடிப் போனால் பதில் 1940களில் இருக்கிறது. அமிலக் கழிவைத் துருப்பிடிக்கும் சாதாரண எஃகுத் தொட்டியில் வைத்தால் தொட்டி அரித்துவிடும். போர்க்காலத்தில் நல்ல எஃகு கிடைப்பதும் கடினம். அதனால் அமிலத்தை முறிக்கக் காஸ்டிக் சோடாவைக் கொட்டிவிட்டுத் தொட்டிக்கு அனுப்பினார்கள். காஸ்டிக் சோடா என்றால் சோடியம். ஆக, கசிந்தது தண்ணீர் இல்லை; கொதிநிலையில் இருந்த கெட்டியான உப்புக் குழம்பு. அதில் ஒவ்வொரு சீசியம் அயனிக்கும் பல ஆயிரம் சோடியம் அயனிகள்.

மைக்கா இருக்கைக்குச் சோடியம் பொருத்தமான ஆள் கிடையாது. இருந்தாலும் இவ்வளவு கூட்டம் சேர்ந்து வந்து ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடித்தால், உரிமையுள்ளவர் நின்றுகொண்டுதான் பயணம் செய்ய வேண்டும். சீசியம் அப்படித்தான் நிற்க இடமில்லாமல் கீழே கீழே போனது. உப்பு கரைந்து நீர்த்த இடம் வந்ததும் மறுபடி தன் இருக்கையைப் பிடித்துக்கொண்டது. இன்றைக்கு அது அசையாமல் கிடக்கிறது. நிலத்தடி நீர் பெரிய அளவில் தப்பித்தது. ஆய்வுக்கூடத்தில் அளந்த எண் பொய் இல்லை. சுத்தமான நீரில் அளந்த எண்ணை உப்புக் குழம்புக்குப் பொருத்தியதுதான் பிசகு. என்னைக் கேட்டால் இந்தத் துறையின் முக்கியமான பாடம் இது ஒன்றுதான். ஓர் எண்ணைச் சொன்னால் அது எந்த நீருக்கு, எந்த மண்ணுக்கு என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

இதே கதை கென்டக்கி மாநிலத்தின் மேக்ஸி ஃப்ளாட்ஸில் வேறு உருவில் நடந்தது. 1963 முதல் 1977 வரை குறைந்த கதிரியக்கக் கழிவுகளைப் பள்ளங்களில் புதைத்த இடம் அது. மேல்மூடி மண் அமுங்கி, மழைநீர் உள்ளே இறங்கி, அடியில் வடிய வழியில்லாமல் பள்ளங்கள் குளியல் தொட்டிகள்போல் நிரம்பின. அப்புறம் புளூட்டோனியம் வெளியே தலைகாட்டியது. புளூட்டோனியத்தைச் சோம்பேறி என்றே சொல்லலாம். சாதாரண நீரில் கரையவே யோசிக்கும், கரைந்தாலும் முதல் நிறுத்தத்தில் இறங்கிவிடும். ஹான்ஃபோர்டில் கிணற்றுக்குள் இறக்கிய புளூட்டோனியம்கூடப் பெரும்பாலும் கிணற்றைச் சுற்றியே நின்றுவிட்டது. மேக்ஸி ஃப்ளாட்ஸில் அதைக் கூட்டிக்கொண்டு போனது ஈ.டி.டி.ஏ. என்ற வேதிப்பொருள். உலைக் கருவிகளில் படிந்த கதிரியக்கக் கறையைக் கழுவ இதைப் பயன்படுத்துவார்கள். உங்கள் வீட்டு ஷாம்பு பாட்டிலின் பின்புறத்தில்கூட இந்தப் பெயர் இருக்கலாம். உலோக அயனியை நண்டுபோல் கவ்விக்கொள்வதுதான் அதன் குணம். கறையைக் கழுவ உதவிய அதே பிடி, புதைத்த பின்பும் விடவில்லை. பள்ளத்து நீரில் புளூட்டோனியம் ஈ.டி.டி.ஏ.வின் பிடிக்குள் இருப்பதை 1981ல் காட்டினார்கள். இன்னொரு அமெரிக்க அணு வளாகமான ஓக் ரிட்ஜில் கோபால்ட்-60 இதேபோல் நகர்ந்ததை அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே சொல்லியிருந்தார்கள்.

சீட்டில்லாப் பயணம்

கரையாமலே பயணம் செய்ய இன்னொரு வழி இருக்கிறது. நெவாடா பாலைவனத்தில் 1968 டிசம்பரில் 'பென்ஹாம்' என்ற நிலத்தடி அணுகுண்டுச் சோதனை நடந்தது. ஒரு மெகாடன்னுக்குச் சற்று மேல். 1990களில் அந்தப் பகுதியில் ஓர் ஆய்வுக் கிணற்றில் நீர் எடுத்தபோது மிகச் சிறு அளவில் புளூட்டோனியம் இருந்தது. அருகே சுமார் 300 மீட்டர் தூரத்தில் வேறொரு சோதனை நடந்த இடம் இருந்ததால் அதிலிருந்து வந்திருக்கும் என்று எதிர்பார்ப்பதுதான் இயல்பு. ஆனால் ஒவ்வொரு குண்டின் புளூட்டோனியத்துக்கும் ஐசோடோப்பு விகிதம், அதாவது எடை வேறுபட்ட புளூட்டோனிய அணுக்கள் கலந்திருக்கும் விகிதம், வேறு; கைரேகை மாதிரி. ரேகை பொருந்தியது 1.3 கிலோமீட்டர் தள்ளியிருந்த பென்ஹாமோடு. முப்பது வருடத்துக்குள் அவ்வளவு தூரம்.

நுண்வடிகட்டிகளில் அந்த நீரைச் செலுத்தியபோது விஷயம் புரிந்தது. புளூட்டோனியம் ஏறக்குறைய முழுவதும் நீரில் மிதந்த களிமண், சிலிக்கா போன்ற கூழ்மத் துகள்களின்மேல் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு மைக்ரானுக்கும் குறைந்த துகள்கள். கண்ணுக்குத் தெளிந்த நீராகவே இருக்கும். மண்ணில் ஒட்டும் குணம் புளூட்டோனியத்தை நிறுத்தி வைக்கும் என்று நம்பியிருந்தோம். அந்தக் குணமே இங்கே அதற்கு வண்டி பிடித்துக் கொடுத்துவிட்டது, ஏனென்றால் ஒட்டிய மண்ணே ஓடுகிற மண். 1999ல் இந்த முடிவு வெளியானபோது கணினி மாதிரிகள் போட்டுக்கொண்டிருந்தவர்களுக்குத் தூக்கம் போயிருக்கும். குண்டு வெடித்த அழுத்தத்திலேயே ஒரு பகுதி பாறை வெடிப்புகள் வழியாகத் தள்ளப்பட்டிருக்கலாம் என்ற மறுப்பும் உண்டு. அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளத்தான் வேண்டும். மெதுவாகப் புதைத்த கழிவுக்கு அப்படி ஒரு உந்துதல் கிடையாது.

ஹான்ஃபோர்டின் தென்கோடியில் யுரேனியம் வேறு மாதிரி ஏமாற்றியது. எரிபொருள் கம்பிகள் செய்த பகுதி அது. கழிவு விடுவதை நிறுத்தியாயிற்று, அழுக்கு மண்ணையும் தோண்டி எடுத்தாயிற்று, இனிச் சில ஆண்டுகளில் நிலத்தடி நீர் தானாகச் சுத்தமாகிவிடும் என்று 1996 வாக்கில் கணித்தார்கள். ஆகவில்லை. ஆற்றில் நீர் ஏறும் பருவத்தில் நிலத்தடி நீரும் ஏறும், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே மண்ணில் தேங்கியிருந்த யுரேனியத்தைத் தொடும். நீரில் கரைந்த கார்பனேட்டும் கால்சியமும் யுரேனியத்தோடு கூட்டுச் சேர்ந்து அதை மண்ணிலிருந்து பிரித்தெடுக்கும். ஆறு வடிந்ததும் மட்டம் இறங்கும். டீத்தூள் பையை நீரில் முக்கி முக்கி எடுப்பதுபோல ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே இருந்தது.

இருநூறு கோடி ஆண்டுக் கழிவு

இதையெல்லாம் படித்துவிட்டு, புதைப்பதே முட்டாள்தனம் என்று முடிவுகட்டுவது எளிது. அதற்குமுன் ஆப்பிரிக்காவின் காபோன் நாட்டில் ஓக்லோவைப் பார்த்துவிட்டு வரலாம். 1972ல் பிரான்சில் யுரேனியத்தைச் சோதித்தபோது, அணு உலையில் எரியும் வகையான யுரேனியம்-235 இருக்க வேண்டிய 0.720 சதவீதத்துக்குப் பதில் 0.717 இருந்தது. எங்கோ எரிந்துபோயிருக்கிறது. தேடியதில், ஓக்லோ சுரங்கத்தின் தாதுப் படுகை சுமார் 200 கோடி ஆண்டுகளுக்கு முன் தானாகவே அணு உலையாக இயங்கியது தெரியவந்தது. உலையை ஓட்டியதே நிலத்தடி நீர்தான். நீர் புகுந்ததும் நியூட்ரான்கள் வேகம் குறைந்து தொடர்வினை நடக்கும். சூட்டில் நீர் ஆவியாகி வெளியேறியதும் நின்றுவிடும். ஆறியபின் மீண்டும் நீர் புகும். அரை மணி நேரம் ஓட்டம், இரண்டரை மணி நேரம் ஓய்வு.

தொட்டியும் இல்லை, காங்கிரீட்டும் இல்லை. ஆனாலும் அங்கே உண்டான புளூட்டோனியம் பெரும்பாலும் பிறந்த இடத்திலேயே கிடந்து சிதைந்தது. அயோடினும் சீசியமும் ஸ்ட்ரான்சியமும் பெருமளவு வெளியேறிவிட்டன. டெக்னீசியம் கொஞ்ச தூரம் போய் நின்றது. புளூட்டோனியம் நிலைத்ததற்குக் காரணம் அங்கிருந்த களிமண்ணும் கரிமப் பொருளும், ஆக்சிஜன் இல்லாத சூழலும். ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிட வேண்டும். ஓக்லோ நமக்குத் தெரிவதே அது தப்பிப் பிழைத்ததால்தான். நீர் அரித்துக் கொண்டுபோன ஓக்லோக்கள் இருந்திருந்தால் அவற்றை எண்ண யாராலும் முடியாது.

ஆக்சிஜன் இல்லாத நீர் என்பதுதான் இன்றைய ஆழ்நிலப் புதைப்புத் திட்டங்களின் உயிர்நாடி. ஹான்ஃபோர்டின் ஆக்சிஜன் கலந்த நீரில் தறிகெட்டு ஓடும் அதே டெக்னீசியம், ஆக்சிஜன் இல்லாத ஆழ்நீரில் எலக்ட்ரான்களை வாங்கிக்கொண்டு கரையாத வடிவுக்கு மாறிவிடும். யுரேனியமும் அப்படியே. பின்லாந்தின் ஒல்கிலூட்டோவில் 400 மீட்டருக்கும் கீழே பாறையைக் குடைந்திருக்கிறார்கள். எரிபொருளைச் செம்புக் கலத்தில் வைத்து, சுற்றிலும் பெண்டோனைட் களிமண் திணிப்பது திட்டம். ஆழ்துளைக் கிணறு போடும்போது சேறாகக் கரைத்துவிடும் அதே பெண்டோனைட்தான். நீர் பட்டதும் ஊதி எல்லா இடுக்கையும் அடைத்துவிடும். அதற்குள் நீரோட்டமே இருக்காது. எது வெளியே போவதானாலும் பரவல் முறையில்தான் போக வேண்டும், அதாவது சர்க்கரை போட்டுக் கலக்காமல் விட்ட காபியில் இனிப்பு தானாக மேலே வருவதுபோல. பரவலுக்கு ஒரு பிடிவாதம் உண்டு: தூரம் பத்து மடங்கானால் நேரம் நூறு மடங்கு. பாறை வெடிப்பில் ஓடும் நீரிலிருந்தும் தனிமங்கள் பக்கத்துப் பாறையின் முட்டுச்சந்து போன்ற நுண்துளைகளில் நுழைந்து மாட்டிக்கொள்ளும். இவ்வளவையும் மீறி லட்சம் ஆண்டுகளுக்குப் பின் மேலே வரக்கூடியவை எவை என்று கணக்குப் போட்டால், பட்டியலில் முன்னால் நிற்பவை அயோடின்-129, கார்பன்-14, குளோரின்-36 போன்றவை. மேடைகளில் மிரட்டப்படும் புளூட்டோனியம் பின்வரிசையில்.

நெவாடாவின் யக்கா மலைத் திட்டம் இதற்கு நேரெதிர். நிலத்தடி நீர்மட்டத்துக்கு மேலே, காற்றோட்டமான பாறையில் புதைக்க நினைத்தார்கள். நீர் அதிகம் வராது என்பது தைரியம். 1990களில் சுரங்கத்தில் எடுத்த பாறை மாதிரிகளில் குளோரின்-36 வழக்கத்தைவிட அதிகம் இருந்தது. 1950களில் பசிபிக் கடலில் நடந்த குண்டுச் சோதனைகள் கடலுப்பிலிருந்து உண்டாக்கிய குளோரின் அது என்றால், மழைநீர் சுமார் 300 மீட்டர் பாறையை ஐம்பது வருடத்துக்குள் கடந்திருக்கிறது என்று பொருள். பின்னால் வேறு குழு அளந்தபோது அது உறுதிப்படவில்லை. அந்தச் சச்சரவு தீர்வதற்குள் திட்டமே நின்றுபோனது.

நம் பக்கத்திலும் இந்தப் பேச்சு ஒருமுறை வந்தது. 2012 நவம்பரில் கூடங்குளம் வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நடந்தபோது கோலார் தங்கவயலின் கைவிடப்பட்ட சுரங்கம் புதைப்பிடமாகப் பேசப்பட்டது. கோலாரில் போராட்டம் வெடித்ததும் அப்படித் திட்டமில்லை என்று அரசு தரப்பு விளக்கம் கொடுத்தது. கோலாரின் ஆழத்தில் 1980களில் சூடேற்றிப் பார்க்கும் பரிசோதனைகள் மட்டும் நடந்தன. அந்த நாட்களில் தொலைக்காட்சி விவாதங்களில் 'கசியுமா' என்று கேட்காத ஆள் இல்லை. நூறாண்டுக்கும் மேல் தோண்டிக் குடைந்து காற்றுப் புகுந்த சுரங்கத்தில் இறங்கும் நீருக்கு ஆக்சிஜன் எவ்வளவு, அது எந்தப் பக்கம் வடிகிறது என்று யாராவது கேட்டிருந்தால் விவாதம் வேறு இடத்துக்குப் போயிருக்கும்.

எலும்பும் அயோடினும்

மல்பெரி மரங்களிடம் திரும்புவோம். 'என்' உலைக்கருகே ஸ்ட்ரான்சியம் நிலத்தடி நீரைவிட ஏறக்குறைய நூறு மடங்கு மெதுவாகத்தான் போகிறது. அப்படியும் ஆற்றை எட்டியதற்குக் காரணம், பள்ளம் கரைக்குப் பக்கத்தில் இருந்ததும், நாள் தவறாமல் நீரைக் கொட்டித் தள்ளியதும். பிறகு பம்ப் வைத்து நீரை இறைத்துச் சுத்தம் செய்து பார்த்தார்கள். மண்ணில் ஒட்டியிருப்பதை நீரை இறைத்து எப்படி எடுப்பது? பம்ப் எடுத்ததைவிடத் தானாகச் சிதைந்து குறைந்ததே பல மடங்கு. 2006ல் பம்பை நிறுத்திவிட்டு, கரையோரம் வரிசையாகத் துளையிட்டுக் கால்சியமும் பாஸ்பேட்டும் கலந்த கரைசலை மண்ணுக்குள் செலுத்தத் தொடங்கினார்கள். அது மண்ணிலேயே அபடைட் என்ற கனிமமாக உறைகிறது. நம் எலும்பும் பல்லும் ஏறக்குறைய அதே கனிமம்தான். கால்சியம் என்று ஏமாந்து எலும்பு ஸ்ட்ரான்சியத்தைச் சேர்த்துக்கொள்வதால்தான் அது ஆபத்தானது. அந்த ஏமாற்றத்தையே வேலியாக நட்டு, ஆற்றுக்குள் போகுமுன் பிடித்து வைக்கிறார்கள். பிடித்து வைத்தால் போதும். அரை ஆயுள் 29 ஆண்டுகள், 300 வருடத்தில் ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும்.

அயோடின்-129க்கு அப்படி ஒரு வேலி இன்னும் கிடைக்கவில்லை. வளாகத்தின் மேற்குப் பகுதியில் 2012 முதல் பெரிய சுத்திகரிப்பு நிலையம் ஓடுகிறது. டெக்னீசியம், யுரேனியம், குரோமியம், கார்பன் டெட்ராகுளோரைடு என்று பலவற்றை எடுக்கிறது. அயோடினை எடுப்பதில்லை. அதனால் சுத்தம் செய்த நீரின் ஒரு பகுதியை, அயோடின் நகர்ந்துகொண்டிருக்கும் பாதைக்கு முன்னால் கிணறுகள் போட்டு உள்ளே அழுத்துகிறார்கள். அங்கே ஒரு நீர்மேடு எழும்பி எதிர்த்துத் தள்ளும். முன்பு கழிவை நகர்த்திய அதே நீர்மேடு, இப்போது வேண்டுமென்றே கட்டியது. பம்ப் ஓடுகிற வரைக்கும் அயோடின் அங்கே நிற்கும்.